விமானிப் பையின் ஆயுள் சில்லில் இருக்கிறது

கேள்வி: நான் உவர்மலையைச் சேர்ந்தவள். வெளிநாட்டு விமான சேவையொன்றில் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கட்டுநாயக்காவில் இறங்கி, பஸ்ஸில் திருகோணமலைக்கு வருவேன். வேலையில் சேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு கைப்பொதிப் பைகள் பழுதாகிவிட்டன. முதலாவதின் சில்லு உதிர்ந்துபோனது. இரண்டாவதின் இழுகைபிடி மேலே வந்தபடியே இறங்காமல் நின்றுவிட்டது. இரண்டின் துணியிலும் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த முறை நான்கு சில்லுள்ள கடின ஓட்டுப் பை வாங்குவதா, துணிப் பையே போதுமா? விலை கூடியதை வாங்கினால் நீடிக்குமா? பழைய இரண்டையும் என்ன செய்வது?

பதில்: "இரண்டின் துணியிலும் ஒரு கீறல்கூட இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. திருகோணமலையில் பயணப் பைகள் திருத்தும் என் மேசைக்கு வரும் பைகளில் துணி கிழிந்து வருவது அரிது. முதலில் சில்லு போகிறது, அடுத்து இழுகைபிடி, அதற்கடுத்து சிப். ஆனால் கடையில் பை வாங்குபவர்கள் பெரும்பாலும் துணியைத் தடவிப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, உள்ளே எத்தனை அறைகள் என்று எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே, நீடிக்கும் பை எது என்ற கேள்வியை, அசையும் பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய பை எது என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரும் அனைத்தும் அந்தக் கேள்விக்கான விடையே.

சாதாரணப் பயணி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இழுக்கும் பையை நீங்கள் பணிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இழுக்கிறீர்கள். வாகனத் தரிப்பிடத்திலிருந்து முனையம், முனையத்திலிருந்து விமானம், மறுபடி விடுதி என ஒரு பணி நாளில் 2 கிலோமீற்றர் இழுப்பதாகவும், மாதத்தில் 15 பணி நாட்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 360 கிலோமீற்றர் ஆகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தரைவழியே உள்ள தூரத்தைவிட இது அதிகம். அந்தத் தூரம் முழுவதையும் ஒரு பையைத் தார் வீதியில் இழுத்துப்போவதாக நினைத்துப் பாருங்கள். சாதாரணப் பையின் சில்லு அதற்காகச் செய்யப்பட்டதன்று.

இன்று உலகமே இழுத்துத் திரியும் நிமிர்ந்த சில்லுப் பை, உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் கைவேலை என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. பெர்னாட் சாடோ என்ற அமெரிக்கர் 1972இல் காப்புரிமை பெற்ற சில்லுப் பெட்டியை, படுக்கைவாட்டில் ஒரு வாரினால் நாயை இழுப்பதுபோல் இழுக்கவேண்டியிருந்தது. நோர்த்வெஸ்ட் விமான சேவையில் போயிங் 747 விமானம் ஓட்டிய றொபேட் பிளாத், 1987இல் பையை நிமிர்த்தி, அடியில் இரண்டு சில்லுகளும் மேலே நீளும் கைபிடியும் பொருத்தினார். முதலில் அவற்றை வாங்கியவர்கள் அவருடைய சக விமானப் பணியாளர்களே; அவர்கள் முனையத்தில் இழுத்துப்போவதைக் கண்டுதான் பயணிகள் கேட்கத் தொடங்கினார்கள். பிளாத் பின்னர் வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கி நடத்திய நிறுவனம் ட்ரவல்புரோ.

சில்லுக்கு வருகிறேன். பைச் சில்லுகளின் வெளிவளையம் பெரும்பாலும் பொலியூரித்தேனால் ஆனது. இப்பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு: காற்றிலுள்ள ஈரம் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக வெட்டிவிடும். வேதியியலில் நீர்ப்பகுப்பு என்று படித்தது இதுதான். வெப்பம் கூடினால் வேகமும் கூடும் என்பதால், திருகோணமலையைப் போன்ற வெக்கையும் ஈரமும் நிறைந்த கரையோர ஊரில், பையைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் சில்லு கெட்டுப்போகும். நான் இதைச் சொந்தக் காசில் கற்றேன். அலுமாரிக்கு மேலே ஆண்டுக்கணக்கில் பொலித்தீனால் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த புதுப் பையொன்றை எடுத்துக்கொண்டு புகையிரத நிலையத்துக்குப் போனேன். மேடையின் பாதித் தூரம் போவதற்குள் பின்னால் கறுத்தத் துண்டுகள் வரிசையாக விழுந்து கிடந்தன. ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கியபோது மழைக்கு இளகிய பனங்கட்டிபோல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. உங்கள் முதலாவது பையின் சில்லு "உதிர்ந்துபோனது" என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதுவாகவே இருக்கவேண்டும். தேய்ந்து போன சில்லு மெலியுமே தவிர உதிராது.

இந்த நோயிலிருந்து முழுமையாகத் தப்பும் சில்லைத் தேடுவதைவிட, கெட்டால் மாற்றக்கூடிய சில்லைத் தேடுவதே புத்திசாலித்தனம். பையைக் கவிழ்த்துச் சில்லின் அச்சைப் பாருங்கள். அச்சின் முனையில் அறுகோணக் குழியோ ஸ்குரூத் தலையோ தெரிந்தால் அதைக் கழற்றலாம். வழவழப்பான வட்டத் தலை மட்டும் தெரிந்தால் அது ரிவெட், உற்பத்தியாளர் அதைக் கழற்றும் எண்ணத்தோடு செய்யவில்லை என்று பொருள். விமானப் பணியாளருக்கெனச் செய்யப்படும் நல்ல பைகளில் பலவற்றின் சில்லுகள், உருளைச் சறுக்குச் சப்பாத்துகளின் சில்லைப் போன்றவை. அவற்றுக்குள் இருப்பது, சில்லை அச்சில் இலகுவாகச் சுழலவிடும் பெயரிங் என்ற குண்டு வளையம்; பெரும்பாலும் 608 என்ற இலக்கமுள்ளது: உள்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. எளிதில் கிடைக்கும் இலக்கம் அது.

இரண்டு சில்லா நான்கா என்று கேட்டால், உங்களுக்கு இரண்டு என்பேன். நான்கு சில்லுப் பை பளபளக்கும் முனையத் தரையில் விரலால் தள்ளினாலே போகும், தோளுக்கும் சுகம். ஆனால் அதன் சில்லுகள் சிறியவை. பைக்கு வெளியே துருத்திக்கொண்டு சுழலும் ஒவ்வொன்றும் அடிபடக்கூடிய ஒரு மூட்டு. பணியாளர் வாகனம் திரும்பும்போது பை தானாக உருண்டு எதிரே இருப்பவரின் முழங்காலில் போய் நிற்கும். மத்திய வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும் கல்லும் மணலும் கலந்த இடத்தில் அதை இழுக்கவே முடியாது, தூக்கித்தான் போகவேண்டும். இரண்டு சில்லுப் பையில் சில்லுகள் பெரியவை, பாதி உடலுக்குள் புதைந்தவை. அதன் குறை, பாரத்தின் ஒரு பகுதி எப்போதும் உங்கள் கையில் தொங்கும் என்பது. தோள்வலி ஏற்கெனவே உள்ளவராயின் என் விடை மாறும்.

கடையில் வெறும் பையை உருட்டிப் பார்ப்பதில் பயனில்லை, வெறுமையாக எல்லாப் பையும் நன்றாகத்தான் உருளும். 5 கிலோ அரிசிப் பொதிகள் இரண்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்து, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, வாசற்படியில் ஏற்றி இறக்கி, வெளியே வீதியோரத்தில் இழுத்துப் பாருங்கள். கைபிடியின் ஆட்டமும் அப்போதுதான் தெரியும்.

அந்த இழுகைபிடியில் நான் பார்ப்பவை மூன்று. குழாய் அலுமினியமாக இருக்கவேண்டும். மூன்று கட்டமாக நீள்வதைவிட இரண்டு கட்டமாக நீள்வது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு பொருத்தும் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கிறது. மூன்றாவதே முக்கியம்: பையின் உள்துணியில் ஒரு சிப் இருக்கும், அதைத் திறந்து கைபிடியின் அடிப்பாகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்குரூ ஆணிகள் தெரிந்தால் கைபிடி முழுவதையும் அரை மணித்தியாலத்தில் மாற்றலாம். ரிவெட் தெரிந்தால் துளைத்தெடுக்கவேண்டும். உள்துணியில் சிப்பே இல்லாவிட்டால் துணியை வெட்டித்தான் உள்ளே போகவேண்டும். விமான ஆவணப் பையைக் கைபிடிக் குழாயில் சாய்த்து வைத்து இழுப்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தப் பாரம் குழாயை வளைக்கிறது. பணியாளர் பைகளின் முன்பக்கத்தில் வார் வைத்த கொக்கி ஒன்று இருக்கும். ஆவணப் பையை அதில் மாட்டினால், சுமை குழாயில் சாயாமல் பையின் உடலில் தங்கும்.

சிப்பில் பல்லைவிட, பல்வரிசைமேல் இழுத்து மூடும் துண்டான ஓடியே முதலில் கெடுகிறது. நைலோன் சுருள் பல் வைத்த சிப்பில், ஓடியின் பின்புறத்தில் பெரும்பாலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். மூடிய பல்வரிசையின் அகலத்தை அண்ணளவாக மில்லிமீற்றரில் அது குறிக்கும். பிரதான அறைக்கு 8 அல்லது 10 வேண்டும், 5 போதாது. கரையோரத்தில் ஓடியின் முலாம் உரிந்து, உள்ளே உள்ள நாகக் கலப்புலோகம் வெள்ளைத் தூளாகப் பூத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். பல்லின் மீது ஓடியை இழுத்த பின்னும் சிப் மூடாமல் பிளந்துகொண்டால், சிப் முழுவதையும் மாற்றச் சொல்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பல் நலமாயிருந்தால் ஓடியை மட்டும் மாற்றினால் போதும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டெனியர் என்பது 9000 மீற்றர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது. இலக்கம் பெரிதானால் நூல் தடிப்பு என்று மட்டுமே பொருள். 1680 டெனியர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது நைலோனா பொலியெஸ்டரா என்று பாருங்கள், உராய்வைத் தாங்குவதில் நைலோன் மேல். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் குண்டுச் சிதறல் காப்பு உடைகளுக்காக உருவான பலிஸ்டிக் நைலோன்தான் இன்று நல்ல பைகளின் துணி. கடின ஓடு வாங்குவதாயின் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வேண்டாம், பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். ஆனால் அது நடுவில் பிளந்து இரண்டு பாதியாகத் திறக்கும், வெளியறை பெரும்பாலும் இராது. கடவுச்சீட்டும் அனுமதிப்பத்திரமும் மருத்துவச் சான்றிதழும் ஒளிரும் மேலங்கியும் அடிக்கடி எடுக்கவேண்டிய உங்களுக்குத் துணிப் பையே வசதி.

அளவு 56 × 36 × 23 சென்டிமீற்றருக்குள் இருக்கட்டும். சில்லையும் கைபிடியையும் சேர்த்து நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். அவை இரண்டையும் விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்து அட்டையில் போடுபவர்கள் உண்டு. உலோகச் சட்டகம் வைத்த பணியாளர் பைகள் வெறுமையாகவே 4, 5 கிலோ இருக்கும். சீருடையில் போகும்போது இது பொருட்டன்று. ஆனால் சொந்தப் பயணச் சீட்டில் வேறொரு சேவையில் வரும்போது, ஆசிய விமான சேவைகள் பலவும் கைப்பொதிக்கு விதிக்கும் 7 கிலோ வரம்பில் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோவே. விடுமுறைக்கு வர ஒரு மெல்லிய முதுகுப்பை தனியாக வைத்திருப்பது நல்லது. மின்கலம் கழற்ற முடியாதபடி உள்ளே பதித்த பைகளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

விலை கூடியது நீடிக்குமா என்ற கேள்விக்கு, அந்த விலை எதற்குப் போகிறது என்பதே விடை. பெயருக்கும் தோல் அலங்காரத்துக்கும் போனால் நீடிக்காது. லகேஜ் வேர்க்ஸ் நிறுவனத்தின் பைகள், ட்ரவல்புரோவின் பணியாளர் வரிசை போன்றவை இந்தத் தொழிலுக்கெனவே செய்யப்பட்டவை. வாங்கு முன் அந்த மாதிரிக்குச் சில்லும் கைபிடியும் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். விற்றாலும், பையோடு சேர்த்து ஒரு சோடிச் சில்லை இப்போதே வாங்கவேண்டாம், அதுவும் அலுமாரிக்குள் இருந்தே இளகிவிடும், தேவைப்படும்போது வாங்குங்கள். ஆயுட்கால உத்தரவாதம் என்ற சொல்லைக் கண்டு மயங்காமல், தொழில்முறைப் பயன்பாட்டை அது விலக்குகிறதா என்றும், பையை எந்த நாட்டுக்கு யார் செலவில் அனுப்பவேண்டும் என்றும் படித்துப் பாருங்கள். இங்கிருந்து கடல் கடந்து அனுப்பும் கூலி சில வேளைகளில் புதுப் பையின் விலையை எட்டிப் பிடிக்கும்.

வீட்டில் பையைச் சீமெந்துத் தரையிலோ பொலித்தீன் உறைக்குள்ளோ வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாடைக் காற்று மாதங்களில் வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் திறந்து, நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உப்புவெளிக் கடற்கரை வரை இழுத்துப்போயிருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சில்லையும் ஓடியையும் துடைத்துவிட்டு, சிப் பல்லில் மெழுகுதிரியை ஒருமுறை தேய்த்துவிடுங்கள். சில்லு இறுகினால் எண்ணெய் விடும் முன் அச்சைப் பாருங்கள்: விடுதிக் கம்பளங்களின் நூலும் தலைமயிரும் கயிறுபோல் முறுக்கிச் சுற்றியிருக்கும். சவர அலகால் வெட்டி இழுத்தால் முழு வளையமாகக் கழன்று வரும்.

பழைய பைகள் இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். கைபிடி இறங்காத பையின் குழாய் வளையாமலிருந்தால் நோய் சிறியது: மேலேயுள்ள அழுத்து பொத்தானிலிருந்து குழாய்க்குள் இறங்கும் மெல்லிய கம்பி கழன்றிருக்கும். குழாயின் பக்கத் துளையில் தெரியும் சிறு குமிழை மெல்லிய திருப்புளியால் உள்ளே அழுத்திக்கொண்டு கைபிடியை இறக்குங்கள், பின்னர் பிடியின் அடியிலுள்ள ஸ்குரூவைக் கழற்றிக் கம்பியை மீண்டும் மாட்டலாம். சில்லு உதிர்ந்த பையில் அச்சு ரிவெட்டாக இருந்தால், இரும்பு வாள் அலகால் அதை அறுத்தெடுத்து, அதே தடிப்புள்ள போல்ட்டும் நைலோன் வளையம் வைத்த நட்டும் போடுங்கள். அதிர்வில் தளராத அந்த வகை நட்டு உங்கள் விமானத்திலும் ஏராளமாக உண்டு. பழைய சில்லின் விட்டம், அகலம், அச்சுத் துளை மூன்றையும் உதிராத பக்கத்திலிருந்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒரு பக்கம்தான் உதிர்ந்திருந்தாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். விட்டம் ஓரிரு மில்லிமீற்றர் வேறுபட்டாலும் பை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.