அண்ணனுக்குக் கேட்ட ஊசி எனக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் சொரியாசிஸ் இருக்கிறது. இருவருக்கும் அடாலிமுமாப் ஊசிதான் போடுகிறார்கள். நான்கு மாதங்களில் அவருக்குத் தோல் முழுவதும் தெளிந்துவிட்டது. எனக்கோ முழங்கையிலும் கால்களிலும் உள்ள தடிப்புகள் பாதிகூடக் குறையவில்லை. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்பதை மரபணுப் பரிசோதனை மூலம் முன்கூட்டியே அறிய முடியாதா?
– ஒரு வாசகி

பதில்: ஓரளவு அறியலாம், ஆனால், மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பரிசோதனையை மட்டும் நம்பும் நிலை இன்னும் வரவில்லை. சொரியாசிஸுடன் மிக நெருங்கிய தொடர்புடையதாக அறியப்பட்டிருப்பது எச்.எல்.ஏ-சி 06:02 என்ற மரபணு வகை. இது உள்ளவர்களுக்கு நோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்குகிறது. உஸ்டெகினுமாப் என்ற ஊசிக்கு இவர்கள் பொதுவாக நன்றாகவே குணமடைகிறார்கள். இது இல்லாதவர்களிடம் உஸ்டெகினுமாபைவிட அடாலிமுமாப் கூடுதலாகப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உடன்பிறந்தவர்களாயினும் இந்த எச்.எல்.ஏ மரபணுத் தொகுதி இருவருக்கும் முற்றிலும் ஒன்றாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான் என்பதால், அண்ணனுக்குக் கேட்டது தங்கைக்கும் கேட்டே தீரும் என்று எதிர்பார்க்க இயலாது. இவையெல்லாம் பெருந்திரளான நோயாளிகளிடையே தென்படும் போக்குகள்; தனி ஒருவரின் பலனை இவற்றால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

என் கணிப்பில், செலவு செய்து மரபணுவைப் பார்ப்பதற்கு முன் எடைபார்க்கும் கருவியில் ஏறி நிற்பது பயனுள்ளது. பெரியவர்களுக்கு அடாலிமுமாப், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு, எடை எதுவாயினும் இரு வாரங்களுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் என்ற அளவில்தான் வழக்கமாகத் தரப்படுகிறது; ஆகவே உடல் எடை கூடக்கூட இரத்தத்தில் மருந்தின் செறிவு குறைகிறது. உஸ்டெகினுமாபில் 100 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 45-க்குப் பதிலாக 90 மில்லிகிராம் தருவதற்கும் இதுவே காரணம். எடையைக் குறைத்தவர்களுக்கு அதே ஊசி மேலும் நன்றாக வேலை செய்வதும் உண்டு. புகைப்பழக்கம், முன்பு வேறு உயிரியல் மருந்து (அடாலிமுமாப் போல உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மருந்து) பலனளிக்காமல் போனது ஆகியவையும் பலன் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடியவை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம் முக்கியமானது: தொடக்கம் முதலே குறையவில்லையா, அல்லது குறைந்து பிறகு திரும்பியதா? குறைந்து திரும்பியிருந்தால், உடல் அந்த மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி ஆன்டிபாடிகளை உருவாக்கியிருக்கலாம். அடுத்த ஊசிக்குச் சற்று முன் இரத்தம் எடுத்து, மருந்தின் அளவையும் ஆன்டிபாடிகளையும் பார்த்தால் இது தெரியவரும். மருந்து போதிய அளவில் இருந்தும் தடிப்புகள் குறையாவிட்டால், அடாலிமுமாப் போல டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்னொன்றைத் தேடாமல், ஐ.எல்-17 அல்லது ஐ.எல்-23 என்ற வேறு அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் மருந்துக்கு மாறுவதே பொருத்தம். தோல் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆறு வாரமாக எடுத்தும் பெரிய மாற்றமில்லை. இனிமேலும் கேட்காது என்று முடிவு செய்யலாமா?
– மற்றொரு வாசகர்

பதில்: அவசரப்படுகிறீர்கள். இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. உரிய அளவை எட்டிய பிறகு ஏறத்தாழ 16 வாரங்கள் கழித்துத்தான் பலனை எடைபோடுவது வழக்கம். சிவப்பு, தடிமன், செதில், பரவல் ஆகியவற்றைக் கொண்டு 0 முதல் 72 வரை கணக்கிடப்படும் 'பாசி' மதிப்பெண்ணைத் தொடக்கத்தில் குறித்து வைத்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலன் போதவில்லை என்று எண்ணி மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடாதீர்கள்; சொரியாசிஸுக்கு இது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே தரப்படும் மருந்து, தினசரி எடுப்பது உயிருக்கே ஆபத்து.