9-வது கோட்டில் நிற்கும் பையன்

அம்மிணி, காங்கேயத்திலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் வந்து 3 மாதம், பையனுக்கு 14 மாதம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையின் உடல்நலப் பதிவேடான ரெட் புக்கில், வளர்ச்சி வரைபடத்தின் 9-வது கோட்டில் எடை நிற்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் கவலைப்படவில்லை. உங்கள் அத்தையோ வீடியோவில் பார்த்துவிட்டு, "புள்ள எளைச்சுப் போச்சு, நெய்யும் பால் பவுடரும் குடு, இல்லாட்டி இங்க கொண்டாந்து உடு" என்கிறார். என்ன செய்வது என்கிறீர்கள். கோபியில் இருந்த எங்கள் ஆத்தாளிடம் நானும் கேட்ட பேச்சுதான்.

9-வது கோடு என்றால் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் அவனைவிட எடை குறைவு, அவ்வளவுதான். அதே கோட்டை ஒட்டிப் போனால் சரி. கோடு கோடாக இறங்கினால் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் காட்டுங்கள்.

இந்த எடை பார்க்கும் வேலைக்கு இங்கே ஒரு கதை உண்டு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல், குழந்தைகளின் எடையைப் பிறந்தபோதும் ஒரு வயதிலும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். வெகுகாலம் கழித்து, சவுத்தாம்ப்டனில் இருந்த மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் அந்தப் பேரேடுகளைப் பிடித்து, அந்தக் குழந்தைகள் பின்னாளில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார். அந்த இரண்டு எடையும் குறைவாக இருந்த ஆண்கள்தான் இதய நோயில் அதிகம் போயிருந்தார்கள்.

"அதுக்குத்தான் நெய் குடுக்கச் சொன்னேன்" என்பார் அத்தை. சிக்கலே அங்கேதான்.

வயிற்றில் சத்து குறைந்தால் சிசுவின் உடம்பு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு, தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றில் சிக்கனம் பிடிக்கிறது. முதல் மழையைப் பார்த்து விதைப்பை முடிவு செய்யும் மானாவாரிக்காரர் போல, வெளியே பஞ்சம் என்று கணித்துத்தான் உடம்பு இப்படி அமைகிறது, கணக்குத் தப்பிச் சாப்பாடு கொட்டிக் கிடந்தால் நோய் வருகிறது என்றார்கள் குளுக்மேன், ஹேன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். லண்டனில் ஜோனதன் வெல்ஸ் என்ற ஆய்வாளர் இதை ஒப்புவதில்லை. இத்தனை நீண்ட ஆயுளை 9 மாதத்தில் எப்படிக் கணிப்பது? சிசுவுக்குத் தெரிவது வெளி உலகமல்ல, தாயின் உடம்பு. அவள் சின்ன வயது முதல் அதில் சேர்த்து வைத்தது. எனக்கு வெல்ஸ் பேச்சுதான் சரியாகப் படுகிறது. நம் பக்கத்து மழை இந்த வருடம் பெய்ததை வைத்து அடுத்த வருடத்தையே சொல்ல முடியாதே!

நெய் விஷயத்துக்கு வருகிறேன். புனே பக்கக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக்கின் ஆய்வுக் குழு பார்த்த குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ; சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5. தசை, வயிற்று உறுப்பு எல்லாம் சிறிசு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தபோது, 2 வயதில் ஒல்லியாக இருந்து அப்புறம் மளமளவென்று சதை போட்டவர்களுக்குத்தான் முப்பதை ஒட்டிச் சர்க்கரை அதிகம். இத்தனைக்கும் அவர்கள் குண்டுப் பிள்ளைகள் இல்லை. அதனால் அரிசிம்பருப்பில் ஒரு ஸ்பூன் நெய் தாராளமாகப் போடுங்கள், முட்டை கொடுங்கள், முழுக்கொழுப்புப் பால் கொடுங்கள். போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், கோட்டை ஏற்றுவதற்காகத் திணிக்காதீர்கள்.

ஊரில் விடுவதா? வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து லண்டன் வந்தவர்களை ஆராய்ந்ததில், சிறு வயதிலேயே வந்த ஆண்கள் உயரமாக வளர்ந்திருந்தார்கள், பருவத்தையும் முன்னதாகவே எட்டியிருந்தார்கள். பெரியவர்களாகி வந்தவர்கள் ஊரில் இருந்தவர்களைப் போலத்தான். சோற்றுக்குக் குறையில்லாத குடும்பங்கள். தொற்றோடு போராடுவதில் வளர்ச்சிக்கான சக்தி போய்விடுகிறது என்பது ஆராய்ந்தவர்களின் விளக்கம். உங்கள் காங்கேயத்து வீட்டுக்கு இது எவ்வளவு பொருந்துமோ, அதை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனாலும் விடாதீர்கள் என்பேன். அப்பனையும் ஆத்தாளையும் பிரிந்து இருக்கிற வயசா இது?

அப்புறம், 4 வயது வரை தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி கொடுக்கச் சொல்லித்தான் இங்கே அறிவுரை. நம் தோலுக்கு இந்தக் குளிர்கால வெயில் பத்தாது, மறக்காதீர்கள். வீட்டுக்காரர் ஒல்லிதானே என்று இருக்காமல் அவரையும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இங்கே, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 23 தாண்டினாலே எச்சரிக்கிறார்கள், 25 வரை காத்திருப்பதில்லை.