லோ சுகருக்கு அல்வா வேண்டாம் அண்ணாச்சி

பாளை வ.உ.சி. மைதானத்துல கிரிக்கெட் ஆடி முடிக்கையில டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிற உங்க பையனுக்குச் சுகர் 62-க்கு இறங்குது, அல்வா கொடுத்தா உடனே ஏறாம ராத்திரி 280-க்குப் போகுதுன்னு எழுதியிருந்தீங்க.

காரணம் நெய். கொழுப்பு சேர்ந்தா இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், சர்க்கரை ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். ஏறலையேன்னு பதறி இன்னொரு துண்டு கொடுத்தா, ரெண்டும் சேர்ந்து பிறகு தூக்கிடும். சாக்லேட், கிரீம் பிஸ்கட்டும் அப்படித்தான். சுகர்ஃப்ரீ பானம் இதுக்கு உதவவே உதவாது.

வெறும் குளுக்கோஸ் பவுடர் வாங்குங்க. பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கு. 30 கிலோ பையனுக்கு 9 கிராம். ஸ்பூனை நம்பாம சமையல் தராசுல நிறுத்துப் பொட்டலம் போட்டு, ஜிப் கவர்ல வையுங்க. ஈரம் பட்டாக் கட்டி பிடிச்சிரும்.

70-க்குக் கீழே போனா ஆட்டத்தை நிறுத்தி, ஒரு பொட்டலத்தைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு, கையைக் கழுவித் துடைச்சிட்டு மறுபடி பாருங்க. விரல்ல பவுடர் ஒட்டியிருந்தா மீட்டர் கூடுதலாக் காட்டும். அப்பவும் 70-க்குக் கீழேன்னா இன்னொரு பொட்டலம்.

"என் சூப்பர் ஹீரோ சக்தி போச்சு"ன்னு சுகர் இறங்குறப்ப அவன் சொல்றது அருமையான விஷயம். நடுக்கம், வேர்வைன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்த வார்த்தை போதும். கோச்சுக்கும் கூட ஆடுற பயலுகளுக்கும் அதைச் சொல்லி வையுங்க. கேட்டதும் பொட்டலத்தை எடுக்கட்டும்.

மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாம ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்குக் கூப்பிடுங்க. ஆடுற நாளெல்லாம் இறங்குதுன்னா இன்சுலின் அளவை டாக்டர்கிட்ட கேட்டு மாத்தணும். மீட்டர் கணக்கு நோட்டைக் கையோட கொண்டு போங்க.