கேள்வி-பதில்: வாரம் 500 ரூபாய்க்குள் காயும் பழமும்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். காய், பழத்துக்கு வாரம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடிகிறது. ஞாயிறு வாங்கும் கீரை செவ்வாய்க்குள் அழுகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தேனி

பதில்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி இதில் சேராது. நான்கு பேருக்கு வாரம் சுமார் 11 கிலோ. அப்படியானால் கிலோ சராசரி 45 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பீன்ஸும் காலிஃபிளவரும் தினமும் கட்டுப்படியாகாது. பூசணி, சுரை, கோஸ், முள்ளங்கி, வாழைத்தண்டு, பப்பாளி ஆகியவைதான் சராசரியை இழுத்துப் பிடிக்கும். முள்ளங்கியை இலையோடு வாங்குங்கள். அந்த இலை ஒரு வேளைப் பொரியல்.

உழவர் சந்தைக்குப் போனால் முதலில் விலைப்பலகையைப் பாருங்கள். எந்தக் காய்க்கு வரத்து அதிகமோ, அதன் விலை அங்கே இறங்கியிருக்கும். கடை கட்டும் நேரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாடிய கீரையை மட்டும் வாங்காதீர்கள், பாதி குப்பைக்குத்தான் போகும்.

கீரை அழுகக் காரணம் ஈரம். கட்டைப் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் வைத்தால் நடுவில் புழுங்கி, அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, வேரை நறுக்கி, பழுத்த இலைகளை எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பக்கத்தில் பழுத்த வாழையோ பப்பாளியோ இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

பூசணிக் கீற்று கெடுவதும் விதையைச் சுற்றியுள்ள நாரிலிருந்துதான். அதை வழித்தெடுத்து, ஈரம் துடைத்து வையுங்கள். நான்கைந்து நாள் நிற்கும். சமைப்பதிலும் வரிசை உண்டு: கீரை, வெண்டை முதல் இரண்டு நாள், கத்தரி, அவரை அடுத்து, கோஸ், கேரட், பீட்ரூட் கடைசியில்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆப்பிள் வாங்கித்தர முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.
- வாசகர், அரியலூர்

பதில்: வருத்தமே வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம். ஆப்பிளில் ஐந்தைத் தாண்டினால் அதிகம். நெல்லிக்காயில் கொய்யாவைவிடவும் கூடுதல். ஆப்பிள் கெடுதல் இல்லை, விலைதான் அதிகம். கொய்யாவைச் செங்காயாக வாங்கினால் வீட்டிலேயே இரண்டு நாளில் பழுக்கும்.

கேள்வி: முருங்கைக் கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொட்டாதீர்கள். வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ரசத்திலோ பருப்பிலோ சேர்த்துவிடுங்கள். இனிமேல் ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்து வதக்கிப் பாருங்கள், வடிக்க எதுவும் மிஞ்சாது. உருவ நேரமில்லை என்றால் கொத்தை இரவு துணியில் சுற்றி வையுங்கள். காலையில் உதறினாலே பெரும்பாலான இலை உதிரும். அடுப்பிலிருந்து இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கமிருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். டீ அந்த இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.