இரவில் பன்றி வேட்டை: எந்த தெர்மல் ஸ்கோப் வாங்கலாம்?

கேள்வி: டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. இரவில் சுட தெர்மல் ஸ்கோப் (உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் துப்பாக்கித் தொலைநோக்கி) பார்த்தேன். அகலத்தில் 384 பிக்சல் (படப்புள்ளி) உள்ள சென்சாருக்கும் 640 உள்ளதற்கும் விலையில் பெரிய வித்தியாசம். 1,800 மீட்டர் வரை தெரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நான் சுடப்போவது 150 மீட்டருக்குள்தான். எதை வாங்குவது?

பதில்: அந்த 1,800 மீட்டரை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே சூடாக ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும் தூரம் அது. பன்றியா, கன்றுக்குட்டியா, வாய்க்கால் பக்கம் குனிந்து நிற்கும் ஆளா என்று பிரித்துப் பார்க்க முடிவது அதில் சிறு பங்கு தூரத்துக்குள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மைக்ரான் பிக்சல், 35 மி.மீ. லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் மூன்றரை செ.மீ. இடத்தைப் பிடிக்கும். ஒரு மீட்டர் நீளப் பன்றிக்கு 29 பிக்சல் கிடைக்கும். 150 மீட்டரில் 19. 300 மீட்டரில் பத்துகூடத் தேறாது. டிஜிட்டல் ஜூம் அதே பிக்சல்களைத்தான் ஊதிப் பெரிதாக்கும்.

லென்ஸும் பிக்சல் அளவும் ஒன்றாக இருந்தால் 640-லும் பன்றிக்கு அதே 29 பிக்சல்தான். கூடுவது பார்வையின் அகலம். 100 மீட்டரில் 384 காட்டுவது சுமார் 13 மீட்டர், 640 காட்டுவது சுமார் 22. கூட்டமாக வரும் பன்றிகளின் பக்கத்தில் வேறென்ன நிற்கிறது என்று பார்க்க அந்த அகலம் உதவும். ஆனால் பணம் அளவாக இருந்தால் 384 ஸ்கோப்பும், கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் மானாகுலர் ஒன்றும் வாங்குங்கள் என்பேன். ஸ்கோப்பிலேயே தேடினால், பார்க்கும் திசையெல்லாம் துப்பாக்கியையும் நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அங்கே நண்பரே நடந்து வந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம், 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற கணக்கு) குறையாமல் எடுங்கள். 9 ஹெர்ட்ஸில் ஓடும் பன்றி தத்தித் தத்தித் தெரியும். வெப்ப நுணுக்க எண் (எவ்வளவு சிறிய வெப்ப வித்தியாசம்வரை தெரியும் என்பது; மில்லிகெல்வினில் போட்டிருப்பார்கள்) 25 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஈரமான இரவுகளில் படம் தெளியும். அடர்ந்த மூடுபனியில் எதுவும் கைகொடுக்காது, வீட்டுக்குப் போய்விடுங்கள்.

தெர்மல் காட்டாததையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி வழியே வெப்பம் தெரியாது; நிற்கும் காருக்குள் ஆள் இருந்தாலும் உங்களுக்குத் தெரியமாட்டார். கம்பிவேலி பெரும்பாலும் கண்ணில் படாது. அதனால் பகலிலேயே நிலத்தை நடந்து பார்த்து, வீடு, ரோடு, மாட்டுப்பட்டி எந்தப் பக்கம் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேடான இடத்தில் உட்கார்ந்து, குண்டு மண்ணில் இறங்கும்படி சுடுங்கள். மான் என்று சந்தேகம் வந்தாலும் சுடக்கூடாது. அங்கே இரவில் மான் வேட்டை குற்றம்.

இனி நீங்கள் கேட்காதது. 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு பன்றி சுட உரிமம் தேவையில்லை. அதை நம்பி நீங்கள் இறங்கிவிடாதீர்கள். உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. இரவல் துப்பாக்கியும் அதில் அடக்கம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. எனவே ஸ்கோப்புக்கு முன்னால் உரிமத்தை எடுங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்கோப்பைப் பெட்டியில் வைக்காதீர்கள். அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.