ஒரு பக்கம் விளம்பரம் நல்லா இருக்கிற டிங்கி பொம்மை பஸ்ஸோட பெயிண்ட்டை உரிக்கலாமா?

தாம்பரத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஆன்லைன்ல 4,500 ரூபாய்க்கு டிங்கிங்கிற இங்கிலாந்து கம்பெனியோட பழைய உலோக பொம்மை பஸ் ஒண்ணு வாங்கினாராம், ரூட்மாஸ்டர்ங்கிற லண்டன் டபுள் டக்கரோட மாடல், இது 1938 மாடல், உலகப்போருக்கு முந்தினதுன்னு சொல்லித்தான் வித்திருக்காங்க. பெயிண்ட் பாதி போயிருக்கு, டயர் ரெண்டு இல்ல, ஒரு பக்கம் 'ஷ்வெப்ஸ்' குளிர்பான விளம்பரம் பளிச்சுனு இருக்கு, இன்னொரு பக்கம் சுத்தமா அழிஞ்சிருச்சு. போருக்கு முந்தின டிங்கி தானா வெடிச்சு உதிர்ந்துடும்னு யாரோ பயமுறுத்தியிருக்காங்க. வீடியோல காட்டுற மாதிரி காஸ்டிக் சோடால ஊறப்போட்டு பெயிண்ட்டை உரிக்கலாமா, இல்ல 6,000 ரூபாய்க்கு புதுசு மாதிரி பண்ணித்தர்றேங்கிற புரோக்கர்கிட்ட குடுக்கலாமான்னு கேக்கறார்.

சார், முதல்ல பயத்தை விடுங்க, உங்க பஸ் உதிராது. உதிர்ற வியாதி நிஜம்தான், அந்தக் காலத்துல துத்தநாகக் கலவையில ஈயம் கலந்து போச்சுன்னா வருஷம் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளயே வீங்கி வெடிச்சு பொடியாகும், அதுக்கு வைத்தியமே கிடையாது. ஆனா அது பெரும்பாலும் போருக்கு முந்தின வண்டிக்கு வர்றது. உங்களோடது போருக்கு முந்தினதே இல்ல. லண்டன்ல நிஜ ரூட்மாஸ்டரே 1956லதான் பயணிகளை ஏத்த ஆரம்பிச்சுது, அப்புறம் 1938ல எப்படி அதுக்கு பொம்மை வரும்? 1938ல டிங்கி விட்ட டபுள் டக்கர் வேற, கம்பெனி கேட்லாக்ல அது 29சி நம்பர். உங்களோடது 289ஆ இருக்கணும், 1964ல வந்தது, முதல்ல டெர்ன் சட்டை விளம்பரம், 1965 வாக்குல ஷ்வெப்ஸ், 1969 வாக்குல எஸ்ஸோ டயர். அதனால உங்க பஸ் அறுபதுகளோடது. வித்தவர் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கார், இல்லன்னா அவருக்கே தெரியல, ரெண்டுல எதுவா இருந்தாலும் காசு போனது உங்களுக்கு. அடுத்த தடவை வாங்கறதுக்கு முன்னாடி பேஸ் பிளேட்டை, அதாவது வண்டியோட அடித்தகட்டை, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா அந்த ஆள்கிட்ட வாங்காதீங்க.

இப்ப கேள்விக்கு வர்றேன், உரிக்காதீங்க. பெயிண்ட் பாதி போன பஸ்ஸுன்னா சாதாரணமா நானே உரிச்சு அடிங்கன்னுதான் சொல்வேன், ஆனா ஒரு பக்க விளம்பரம் நல்லா இருக்குன்னா கதையே வேற. இதை கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் கெடுத்துக்கறாங்க. அந்த விளம்பரம் பெயிண்ட் மேல உக்காந்திருக்கிற மெல்லிசான படலம். பெயிண்ட் போனா அதுவும் போகும், திரும்ப வராது. அதை மட்டும் டேப் போட்டு மறைச்சுட்டு சுத்தி அடிக்கலாமேன்னு கேப்பீங்க, நான் செஞ்சு பாத்திருக்கேன், டேப்பை எடுக்கறப்போ விளம்பரமும் கூடவே வந்துடுச்சு. டேப் புதுசா பழசாங்கறது பிரச்சனையே இல்ல, அம்பது வருஷப் படலத்துக்கு எந்த டேப்பும் ஆகாது. சரி, மறைக்காம பிரஷ்ல சுத்தி மட்டும் அடிக்கலாம்னா, வெயில்ல மங்கின பழைய சிவப்புக்கும் கடைல வாங்கற சிவப்புக்கும் நடுவுல கோடு தெரியும், பாக்கறவன் கண்ணு நேரா அங்கதான் போகும். அதனால விளம்பரம் ஒரு பக்கம் முழுசா இருந்தாலும் கை வைக்காதீங்க, முக்கால்வாசி இருந்தாலும் வைக்காதீங்க, ரெண்டு பக்கமும் போனாதான் உரிக்கறதைப் பத்தியே பேச்சு.

நல்லா இருக்கிற பக்கத்தை ஸ்கேன் பண்ணி வைங்க, அதுதான் அழிஞ்ச பக்கத்துக்கு அச்சு. தண்ணில நனைச்சு ஒட்டற டிகால் பேப்பர்ல பிரிண்ட் எடுக்கலாம், ஆனா வீட்டு பிரிண்டர் வெள்ளை கலர் அடிக்காது, அதனால வெள்ளை பேப்பர் டிகாலா பாத்து வாங்குங்க, ட்ரான்ஸ்பரன்ட்ல எடுத்தா சிவப்பு மேல எழுத்தே தெரியாது. இங்க்ஜெட்னா தண்ணில போடறதுக்கு முன்னாடி மேல கிளியர் வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சு காயவிடணும், இல்லன்னா இங்க் கரைஞ்சுடும். அழுக்கு எடுக்க வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் தேய்க்கிற சோப் ஒரு சொட்டு, மெத்துன்னு ஒரு பிரஷ், அவ்வளவுதான். ஊறப்போடாதீங்க, தின்னர் பக்கமே போகாதீங்க, ஜன்னல் பிளாஸ்டிக் ஒரு நிமிஷத்துல பால் மாதிரி ஆகிடும். ஃபெவிக்விக்கும் ஜன்னல் கிட்ட வேண்டாம், அதோட ஆவியே பிளாஸ்டிக்ல வெள்ளையா படியும்.

காஸ்டிக் சோடா வீடியோ போடறவங்களைப் பாத்தா எனக்கு கோவம்தான் வருது. அது பெயிண்ட்டோட நிக்காது, துத்தநாகத்தையும் தின்னும், ராத்திரி முழுக்க விட்டா காலைல கதவு ஓரம், ஜன்னல் விளிம்பு எல்லாம் மழுங்கியிருக்கும். கண்ணுல தெறிச்சா கண்ணு போயிடும், அதை எந்த வீடியோலயும் சொல்றதில்ல. ரெண்டு பக்க விளம்பரமும் போன வேற ஏதாவது பஸ்ஸை உரிக்கறதா இருந்தா பெயிண்ட் கடைல கிடைக்கிற பெயிண்ட் ரிமூவர் போதும், மொட்டை மாடில, கையுறை கண்ணாடி போட்டுக்கிட்டு செய்ங்க. மழை நாள்ல ஸ்ப்ரே அடிக்காதீங்க, ஈரக்காத்துக்கு பெயிண்ட் வெளுத்துப் போகும்.

டயர் இங்கிலாந்துல இருந்து வரவழைக்கணும், ரெண்டு மட்டும் வாங்காதீங்க, நாலா வாங்குங்க, பழசும் புதுசும் சேராது. இங்கதான் நம்ம விதிகள் மேல எரிச்சல் வருது. 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பொம்மைக்கான அடிப்படை சுங்கவரி 20 சதவீதமா இருந்தது 2020ல 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. குழந்தைங்க பாதுகாப்புக்குன்னா சந்தோஷம், ஆனா அந்த உத்தரவே 14 வயசுக்கு கீழ உள்ளவங்க விளையாடற பொருளைப் பத்திதான் பேசுது, அறுபது வயசு ஆள் அலமாரில வைக்கிற பஸ்ஸுக்கு எந்தக் கம்பெனி இன்னைக்கு முத்திரை வாங்கித் தரும்? என்னோட பார்சல் ஒண்ணு அஞ்சு வாரம் இதுலயே நின்னுச்சு, எத்தனை கடுதாசி எழுதினேன்னு எனக்கே கணக்கு இல்ல. அனுப்பறவர்கிட்ட பெரியவங்க சேகரிக்கிற மாடலுக்கான உதிரி பாகம்னு உள்ளதை உள்ளபடி, விலையோட எழுதச் சொல்லுங்க. விலையைக் குறைச்சு எழுதறேன்னு சொல்ற ஏஜென்ட் வேண்டவே வேண்டாம், மாட்டினா பேர் உங்களோடது.

அந்த 6,000 ரூபாய் புரோக்கர் விஷயம். இவங்கள்ல சிலர் பண்றது ஒரே வேலை, உரிச்சு, பளபளன்னு அடிச்சு, டூப்ளிகேட் பெட்டில போட்டு ஒரிஜினல்னு வேற ஒருத்தர் தலைல கட்டறது. தங்க கலர்ல கூட 289 கொஞ்சம் வந்திருக்கு, பெல்ஜியத்துல ஒரு கடைக்காக, அதனால எஸ்ஸோ பஸ்ஸுக்கு தங்க ஸ்ப்ரே அடிச்சு கொண்டு வந்தா ஆச்சரியப்படாதீங்க. அவர்கிட்ட பஸ்ஸைப் பாக்கறதுக்குன்னு கூட குடுத்து விடாதீங்க, உள்ள குட்டி பொம்மையா டிரைவரும் கண்டக்டரம்மாவும் இருக்காங்களான்னு இன்னைக்கே ஜன்னல் வழியா பாத்து போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா ஒரு தடவை திறந்து மூடினா அவங்க இருந்தாங்கறதுக்கு உங்ககிட்ட சாட்சியே இருக்காது.