காடியில் (காரில்) வெந்த இன்சுலின் பேனா: அம்மாவுக்குப் போடலாமா?

வேண்டாம், புதுப் பேனா திறவுங்கள். பழைய பேனா கொம்தார் கட்டடம் பக்கம் மதியம் முழுக்கப் பூட்டிய காடியில் கிடந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அம்மாவுக்குச் சர்க்கரை 16 mmol/L-க்குக் கீழே வரவில்லை என்கிறீர்கள். சூட்டில் மருந்து வீரியம் இழந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்சுலின் ஒரு புரதம். 1921-இல் டொராண்டோவில் ஆய்வாளர்கள் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் தயாராகிறது, ஆனால் சூடு தாங்காத குணம் போகவில்லை.

கலங்கல் வகை என்றால் பத்துத் தடவை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். கட்டி மிதந்தாலோ, கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ கெட்டது. தெளிந்த வகையில்தான் ஏமாறுவோம்; கெட்ட பிறகும் தெளிவாகவே தெரியலாம்.

புதுசில் ஊசி மாட்டி, 2 யூனிட் வெளியே தள்ளி, சொட்டு வருகிறதா பார்த்துவிட்டு வழக்கமான அளவே போடுங்கள். சர்க்கரை ஏறிக்கிடக்கிறதே என்று நீங்களாக யூனிட்டைக் கூட்டாதீர்கள். நல்ல மருந்தில் அது தடாலென்று இறக்கிவிடும். ஓரிரு நாளில் இறங்காவிட்டால் மருந்து மட்டும் காரணமில்லை: ஊசி போடும் இடத்தில் தடிப்பு, காய்ச்சல், கால் புண் இருக்கிறதா பார்த்து கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

வாந்தி, மேல்மூச்சு, மயக்கம் எது வந்தாலும் பேனா சோதனையெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

திறந்த பேனா 30 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலும் 4 வாரம். திறக்காதது 2 முதல் 8 டிகிரி. ஐஸ் அறையில் வைத்தால் அதுவும் போச்சு.